அப்பாவுக்கு: நான் தினமும் பார்க்கும் நெசவு

அன்புள்ள அப்பா,

பொங்கலுக்கு அம்மாபேட்டை வந்திருந்தபோது, தறியில் ஊடை நூல் சுற்றிய தார் மாற்றிக்கொண்டே, "லேப்ல நாள் முழுக்க என்னம்மா அறுக்குறே?" என்று கேட்டீர்கள். "திசுப்பா" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். பஸ் ஏறிய பிறகு மனசு கேட்கவில்லை. நம் தெருப் பிள்ளைகள் சிலரும் இந்த லேப் படிப்புக்குப் போகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

உடம்பில் ஒரு வேலைக்காகச் சேர்ந்திருக்கும் செல்களின் கூட்டம்தான் திசு. அந்தச் சொல்லே நம் வீட்டுச் சொல் அப்பா. டிஷ்யூ என்ற இங்கிலீஷ் சொல்லிலிருந்து வந்தது அது. அதற்கு மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்கு 'நெய்தது' என்று பொருள். பிஷா என்ற பிரெஞ்சு மருத்துவர் மைக்ரோஸ்கோப்பைத் தொடாமலே, உடலின் பாகங்களை ஊறவைத்தும் வேகவைத்தும் பார்த்து, 1801-இல் 21 வகைத் திசுக்களைப் பிரித்துச் சொன்னார். இப்போது அடிப்படை வகை நாலுதான்.

ஆபரேஷனில் எடுத்த துண்டைக் கெட்டுப்போகாமல் இருக்க ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் சீவுவேன். ஒரு சீவல் நாலைந்து மைக்ரான் கனம்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டருக்குள் இருநூறு சீவல் அடங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால் சுருக்கம் நீங்கி விரியும். அப்புறம் சாயம். ஊதாவுக்கு ஹெமடாக்சிலின். மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியிலிருந்து எடுப்பது. முன்பெல்லாம் துணிக்குப் போட்ட சாயம். படிகாரம் சேர்த்தால்தான் பிடிக்கும் என்று படித்த அன்று உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். இளஞ்சிவப்புக்கு ஈயோசின்.

சாயம் ஏறியதும் நெசவு தெரியும். முதல் வகை, மேற்பரப்பைப் போர்த்தும் எபிதீலியத் திசு. அதில் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக அடுக்கியிருக்கும். தோலின் மேற்புறம், வாய், குடலின் உட்புறம் எல்லாம் அதுதான். அதற்குள் இரத்தக்குழாய் கிடையாது. அடியிலிருந்து ஊறி வருவதில்தான் பிழைக்கிறது. ஆனாலும் குடலின் உட்புறம் சில நாளுக்கு ஒருமுறை புதிதாகிவிடும். நாடாக் கயிறு இழுத்து இழுத்து உங்கள் உள்ளங்கை காய்த்திருக்கிறதே, தேய்கிற இடத்தில் இந்தத் திசு அடுக்கைக் கூட்டிக்கொண்டதால் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இணைப்புத் திசு. இதில் செல்கள் குறைவு, அவற்றுக்கு நடுவில் இருக்கும் பொருள்தான் அதிகம். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, ஏன் இரத்தம்கூட இந்த வகைதான். தசையை எலும்போடு கட்டும் தசைநாணைப் பார்த்தால் கொலாஜன் என்ற புரத இழைகள் பாவு நீட்டியதுபோல ஒரே திசையில் ஓடும். இழுவை ஒரே பக்கம் என்பதால் குறுக்கே போகும் ஊடையே வேண்டாம். தோலின் அடிப்பகுதியிலோ எல்லாப் பக்கமும் இழுவை வரும், அதனால் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். எந்த இடத்துக்கு எந்த நெசவு என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது அப்பா. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

தசைத் திசுவில் மூன்று ரகம்: நாம் சொன்னபடி கேட்கும் கை கால் தசை, குடலைத் தானாக அசைக்கும் தசை, கிளைவிட்டுக் கிளை சேரும் இதயத் தசை. நரம்புத் திசுவில் ஒரு செல்லின் இழை முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை, ஒரு மீட்டர்கூட ஓடும். அறுபடாத ஒற்றை இழை.

இதையெல்லாம் எழுத இன்னொரு காரணம் உங்கள் முழங்கால். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. தேய்ந்தால் தோல் மாதிரி வளர்ந்து மூடாது. தேயும்போது அதற்கு வலிக்கவும் வலிக்காது. வலிப்பது சுற்றியுள்ள எலும்பும் சவ்வும்தான். "கொஞ்சம்தானே வலிக்குது" என்று நீங்கள் சொல்வது எனக்குப் பயமாக இருக்கிறது. குழித்தறியிலிருந்து மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். இந்த வெண்பட்டு வேட்டிப் பாவு முடிந்ததும் மூட்டு டாக்டரிடம் போகலாம், நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

வரும்போது பயிற்சிக்கு வைத்திருந்த பழைய தோல் ஸ்லைடு ஒன்றைக் கொண்டுவருகிறேன். உங்கள் இழை எண்ணும் கண்ணாடியை எடுத்து வையுங்கள். ஓரத்தில் ஊதா, உள்ளே இளஞ்சிவப்பு. எது கரை, எது உடல் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

உங்கள் மகள்