பேத்தியின் பிறந்தநாள் சாப்பாடு பற்றி

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு இங்கே ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு போட வேண்டும், பணத்தை அனுப்பிவிடுகிறேன், போட்டோ மட்டும் மறக்காமல் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன், உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில், உன் பாட்டியின் திதிக்குப் பக்கத்து ஊர் இல்லம் ஒன்றில் சாப்பாடு போட்டோம். எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன், இலையில் வைத்த வடையைச் சாப்பிடாமல் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். ஏன் சாமி என்று கேட்டதற்கு, முதலில் வார்டனைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்க" என்றான். அவனுடைய கெண்டைக்காலில் காயங்கள் இருந்தன. புளியமரத்தில் ஏறி விழுந்துவிட்டான் என்று வார்டன் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டேன். அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. அந்த எண்ணைக் கூப்பிட அங்கிருந்த எந்தக் குழந்தையிடமும் போன் இல்லை, என்னிடம் இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னபோது, "மரத்தில் இருந்து விழுந்தவனுக்குக் கோடு கோடாகவா காயம் இருக்கும்?" என்று கேட்டாள். புகார் கொடுத்தால் இல்லத்தை மூடிவிடுவார்கள், பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, வேறு யாரோ கொடுத்த புகாரில் அந்த இல்லம் மூடப்பட்டது. அந்த இரண்டு வருடத்தை அந்தப் பையன் அங்கேதான் கழித்திருப்பான்.

பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பார்கள் என்று நான் நினைத்ததும் தவறு. இல்லம் மூடப்பட்டால் வேறிடம் பார்த்துக் கொடுப்பது மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவுடைய பொறுப்பு. பொறுப்பில் இருப்பவரே குழந்தையை அடித்தாலோ கவனிக்காமல் விட்டாலோ, 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாலியல் குற்றம் என்றால், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டத்தில் தண்டனைக்குரியது.

மாமல்லபுரம் பக்கத்து அனாதை இல்லங்களில் நடந்தவை பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தி ஒன்று 2007இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்காகி, 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். பதிவுச் சான்றிதழைக் கேட்டால், பல இடங்களில் அறக்கட்டளைப் பத்திரத்தைக் கண்ணாடி பிரேம் போட்டு மாட்டியிருப்பதைக் காட்டுவார்கள். அது வேறு, இது வேறு. பதிவுச் சான்றிதழ் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் பெற்றதாக இருக்க வேண்டும், அதுவும் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும்.

ஆனாலும் சான்றிதழ் ஒன்றை வைத்து நான் சமாதானம் ஆகப் போவதில்லை. குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, இராத்திரி பிள்ளைகளோடு யார் இருக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள் என்றெல்லாம் கேட்கப் போகிறேன். 2022 அக்டோபரில் நம் திருமுருகன்பூண்டியில் தனியார் காப்பகம் ஒன்றில் சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மூன்று பையன்கள் இறந்துபோனது உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு, வெளியில் சமைத்து எடுத்துப்போகும் சாப்பாட்டை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்றும் பார்க்க வேண்டும். அலுவலக அறையை விட்டுத் தள்ளி, பிள்ளைகள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது இருக்க வேண்டும் என்பது விதி. வார்டன் மேசைக்கு நேர் எதிரே மாட்டிய பெட்டியில் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்?

போட்டோ வேண்டாம், கண்ணு. இல்லத்துப் பிள்ளைகளின் படத்தை அடையாளம் தெரியும்படி வெளியிடுவதை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு மனம் வராது. அன்றைக்கு நம் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, நன்றி சொல்லிப் பாட வைத்தார்கள். நானும் மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து கேட்டேன்.

இன்னொன்றையும் மாப்பிள்ளையோடு கலந்து பேசு. நான் பார்த்த பிள்ளைகளில் பல பேருக்கு அம்மா இருக்கிறாள். மில்லில் ஷிப்டு வேலைக்குப் போகிறவள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். நம் தெருவில் அப்படி ஒரு தாய் இருக்கிறாள், வருகிற வாரம் அவளை ஈரோட்டுக்குக் கூட்டிப் போகிறேன்.

அதற்கு முன்பாக, ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் இங்கே ஒரு இல்லத்துக்குப் போகிறோம். பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை பணம் அனுப்ப வேண்டாம். பேத்திக்கு அப்புச்சியின் முத்தங்கள்.

அன்புடன்,
அப்பா