ஞாயிறு செஞ்சி சைக்கிள் ரைடு

நண்பர்களே, காலை 5.00 மணிக்கு விழுப்புரம் ரயில் நிலைய வாசலில் கூடுவோம். செஞ்சிக்குச் சுமார் 40 கி.மீ. முன்விளக்கு, பின்விளக்கு இல்லாதவர்களை இருட்டில் கூட்டிப்போக மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வழியில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் குடைந்த கோயில் என்று மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டே வைத்திருக்கிறான். வாசலில் இரண்டு வாயிற்காவலர் சிலைகள். முதல் டீ அதன் பிறகுதான்!

கோட்டை கடந்த 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அதனால் கூட்டம் இருக்கலாம். ராஜகிரி உச்சி ஏற நினைப்பவர்கள் சாதாரண ஷூ கொண்டுவாருங்கள். கிளீட் (பெடலில் மாட்டும் கட்டை உள்ள சைக்கிள் ஷூ) போட்டுக்கொண்டு அந்தப் படிகளில் ஏறினால் இறங்கும்போது வழுக்கும். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் விடாது.

உபரி ட்யூப் அவரவர் பொறுப்பு. பம்ப் என்னிடம் இருக்கிறது. வருபவர்கள் சனி இரவு 8க்குள் பெயர் போடுங்கள்.