பக்கத்து லேத் அண்ணனுக்கு நன்றி

பெயரைக் கேட்காமலேயே வந்துவிட்டேன், அதனால் இங்கே எழுதுகிறேன். 2 மில்லிமீட்டர் விலகலோடு ஒரு எக்சென்ட்ரிக் (சுழலும் அச்சிலிருந்து மையம் சற்றுத் தள்ளியிருக்கும் வட்டப் பாகம்) கடைய வேண்டும். பட்டறையில் இருந்ததோ மூன்று தாடை சக் மட்டும்; ராடைப் பிடித்துச் சுழற்றும் அதன் தாடைகள் ஒன்றாகவே நகர்ந்து ராடை எப்போதும் நடுமையத்தில்தான் பிடிக்கும். கைவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள்தான் சிரித்துக்கொண்டே, ஒரு தாடைக்கும் ராடுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் தகட்டை வைத்துப் பிடிக்கச் சொன்னீர்கள். விலகலைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடிமன், அவ்வளவுதான் கணக்கு. அப்புறம் டயல் (ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்துப் பார்த்து, தகட்டைக் கொஞ்சம் அரம் போட்டுச் சரிசெய்தோம். ஒரு சுற்றில் விலகல் இரு பக்கமும் வருவதால், முள் மொத்தம் 4 மில்லிமீட்டர் ஆட வேண்டுமாம் (நான் 2 என்றே நினைத்திருந்தேன்!). சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றி, எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே மோட்டாரைப் போட விட்டீர்கள். குறைந்த வேகம், மெல்லிய வெட்டு. இப்போது அது பம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது அண்ணே.