எந்தக் காமாலை என்று சொல்லாமல் பயமுறுத்தலாமா?

ஆசிரியருக்கு,

மஞ்சள் காமாலை வந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் என்ற பொருளில் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, தேயிலைத் தோட்டங்களில் பலரைக் கலங்க வைத்திருக்கிறது. சிறுவயதில் செங்கமாரி என்னும் இந்தக் காமாலை வந்து குணமானவர்கள்கூட இப்போது வயிற்றைத் தடவிப் பார்க்கிறார்கள். எந்த வகைக் காமாலை என்று கட்டுரை பிரித்துச் சொல்லாததே இதற்குக் காரணம்.

மலையகத்தில் அடிக்கடி காண்பது, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்களில் ஏ வகை. மலக்கழிவு கலந்த பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடித்தால் வரும். 2007 இல் கம்பளையில் பெருமளவில் பரவியது இதுதான். இது ஈரலில் நிரந்தரமாகத் தங்காது; சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில் முழுதாக நீங்கிவிடும். இது வந்து போனவர்கள் அதை வைத்துக் குடல் புற்றுநோய்க்குப் பயப்படத் தேவையில்லை.

உடம்பில் தங்கிவிடக்கூடியவை பி, சி வகைகள். இரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகத் தொற்றுபவை. பி வைரஸின் மேலுறைப் புரதத்தை இரத்தத்தில் தேடும் எச்.பி.எஸ்.ஏ.ஜி பரிசோதனை 6 மாதத்துக்கு மேலும் பாசிட்டிவ் என்றே வந்தால் பி வகை நாட்பட்டுவிட்டது என்று பொருள். இப்படி நாட்பட்ட தொற்று உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கண் மஞ்சளானதே கிடையாது. காமாலை வந்ததா என்று கேட்டு இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது, இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும்.

குடல் புற்றுநோயோடு தொடர்பு பேசப்படுவது இவர்களைப் பற்றித்தான். சீனாவில் சுமார் 5 இலட்சம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2019 இல் வெளியான ஆய்வில், எச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிட்டிவ் ஆனவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் மற்றவர்களோடு ஒப்பிட சுமார் 1.4 மடங்காக இருந்தது. கேட்கப் பெரிதாகத் தெரியும். 1000 பேரில் 10 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், அது 14 ஆகிறது. அந்தக் கூடுதலுக்கு வைரஸ்தான் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. சாராயமும் கசிப்பும் ஈரலையும் கெடுக்கும், குடல் புற்றுநோயையும் கொண்டுவரும். ஆய்வுக் கணக்கில் அவற்றின் பங்கை முழுதாகப் பிரித்தெடுப்பது கடினம். பி வைரஸ் ஈரல் புற்றுநோயை உண்டாக்குவது மட்டும் ஐயமற்றது. அதனால் பி பாசிட்டிவ் ஆனவர் முதலில் போக வேண்டியது ஈரல் கிளினிக்குக்கு. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு வைரஸ் போய்விட்டதாக நம்பியிருக்கக் கூடாது. 1988 இல் சென்னையில் நடந்த ஒரு சோதனை அதன்மேல் பெரிய நம்பிக்கையை எழுப்பியது. பின்னர் வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இனி, குடல் புற்றுநோய் இங்கே கைநழுவிப் போகும் இடங்களைச் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இரத்தசோகை சாதாரணம். அதனாலேயே 55 வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 என்று மிகக் குறைந்து வந்தாலும் இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். பெருங்குடலின் வலப்பக்கத்தில் வளரும் கட்டி துளித்துளியாகக் கசியும், அந்த இரத்தம் மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும் இரும்புச்சத்துக் குறைந்தால் எங்கே இரத்தம் போகிறது என்று தேடியே ஆக வேண்டும். குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவும் காரணமாகலாம் என்பது உண்மை. ஆனால் பூச்சி மாத்திரையோடு தேடலை நிறுத்திவிடக் கூடாது.

மலத்தில் இரத்தத்தைக் கண்டதும் மூலம் என்று முடிவு கட்டுவது அடுத்த பிழை. ஈரல் சுருங்கியவர்களுக்கு மலக்குடல் நாளங்கள் புடைத்தும் இரத்தம் வரும், அங்கேயே புற்றுநோய் இருந்தாலும் வரும். பார்க்காமல் பிரித்தறிய முடியாது. மறைந்த இரத்தத்தைத் தேடும் மலப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது கழிவறைத் தண்ணீர் படக்கூடாது. பழைய இரசாயன முறை என்றால் 3 நாட்களுக்கு முன்பிருந்தே மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, வைட்டமின் சி மாத்திரை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இறைச்சி பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும், வைட்டமின் சி உண்மையான இரத்தத்தை மறைத்துவிடும். மனித இரத்தத்தை மட்டும் இனங்காணும் புதிய ஃபிட் முறைக்கு இந்தப் பத்தியம் வேண்டாம். பாசிட்டிவ் என்றால் மறுபடி ஒருமுறை மலம் கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை, கமரா குழாயால் பெருங்குடலுக்குள் பார்க்கும் கொலனொஸ்கோபிதான் செய்ய வேண்டும். நோய்க்குறிகள் இருந்தால் நெகட்டிவ் முடிவை நம்பியும் இருந்துவிட முடியாது.

கட்டுரை ஒரு வரிகூட எழுதாத, ஆனால் சந்தேகமே இல்லாத ஒரு தொடர்பு இருக்கிறது. குடல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி தொடங்கும்போது, ஈரலில் அடங்கிக் கிடக்கும் பி வைரஸ் மீண்டும் பெருகக்கூடும். வாந்திக்குத் தரும் ஸ்டீரோய்ட் மருந்தும் அதற்குத் துணைபோகும். ஈரல் செயலிழந்து மரணம்வரை போகலாம், குறைந்தபட்சம் கீமோ இடைநடுவில் நின்றுபோகும். எனவே முதல் ஊசிக்கு முன்பே எச்.பி.எஸ்.ஏ.ஜி, பழைய தொற்றையும் காட்டும் எச்.பி கோர் எதிருடல், எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் எச்.பி.எஸ் எதிருடல் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எச்.பி.எஸ்.ஏ.ஜி மட்டும் பார்த்தால், பழைய தொற்று உள்ளவர்கள் கண்டுபிடிக்கப்படாமல் போய்விடுவார்கள். பி தடுப்பூசி இலங்கையின் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது 2003 இல்தான். கீமோ எடுக்கும் வயதில் இருப்பவர்களில் அநேகர் அதற்கு முன் பிறந்தவர்கள். எச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிட்டிவ் என்றால் வைரஸை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையைக் கீமோவுடன் சேர்த்தே தொடங்குவார்கள். கீமோ முடிந்த பிறகும் குறைந்தது 12 மாதங்களுக்கு அதை விடக்கூடாது. உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தும்போதுதான் வைரஸ் திரும்பிப் பெருகுகிறது.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வுகூட உத்தியோகத்தர்கள் இருவர்,
நுவரெலியா மாவட்டம்.