மெனோபாஸுக்குப் பெப்டைட் ஊசியா? மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மீனா,

அந்தக் கிளினிக் உனக்குப் போட்டுக் கொடுத்த திட்டத்தை வரி விடாமல் படித்தேன். சிஜேசி-1295, ஐபமொரெலின் இரண்டும் கலந்த ஊசி இரவில். பிபிசி-157 காலையில். மூன்று மாதப் பணம் முன்கூட்டியே. உனக்கு இருக்கிற தொல்லை என்ன? நடுராத்திரியில் உடம்பு அனலாகி, வியர்த்துக் கொட்டி விழிப்பது, அதனால் தூக்கம் கெடுவது, இடுப்பைச் சுற்றி எடை ஏறுவது. இதில் எந்தத் தொல்லைக்கு எந்த ஊசி என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. ஒரு மருந்தாளுநராக எனக்கு முதலில் உறுத்தியது அதுதான். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்று எழுதுகிறேன். டாக்டரைப் பார்க்கப் போகும்போது கையில் வைத்துக்கொள்.

அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலிதான் பெப்டைட். இன்சுலினில் 51 அமினோ அமிலம், ஆக்ஸிடோசினில் 9. இரண்டும் பெப்டைட்தான், ஆனால் ஒன்று செய்கிற வேலையை மற்றது செய்யாது. ஆகவே ‘பெப்டைட் தெரபி’ என்று ஒரே வைத்தியம் கிடையாது. ஒவ்வொன்றும் தனி மருந்து. தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

அந்த அனல் எங்கிருந்து கிளம்புகிறது தெரியுமா? மூளையில் ஹைபோதாலமஸ் பகுதியில் கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்ஃபின் என்ற மூன்று பெப்டைட்களைச் சுரக்கும் நரம்பணுக்கள் உண்டு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அவற்றை அடக்கி வைத்திருக்கும். அது குறைந்ததும் அந்த அணுக்கள் பருத்து, நியூரோகைனின் பி மிகுந்து, பக்கத்தில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்தைத் தூண்டிவிடும். உடம்புக்கு உண்மையில் சூடு ஏறாதபோதே தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து வியர்வை கொட்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் நியூரோகைனின் பி-யை ஆரோக்கியமான பெண்களின் ரத்தத்தில் செலுத்தி, இதே அனலை வரவழைத்தே காட்டினார்கள். 2015-ல் அது வெளியானது. அதாவது இந்த அனலை மூட்டுவதே ஒரு பெப்டைட். அதை அடக்க இரண்டு நேர்வழி: ஈஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொடுப்பது, அல்லது நியூரோகைனின் போய் ஒட்டும் இடத்தை அடைப்பது. உன் தாளில் இந்த இரண்டுமே இல்லை.

முதல் வழியைப் பயந்து ஒதுக்காதே. 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 வருடத்துக்குள் தொடங்குகிற ஆரோக்கியமான பெண்ணுக்கு ஹார்மோன் சிகிச்சையில் பெரும்பாலும் ஆபத்தைவிடப் பலன் அதிகம். தோலில் ஒட்டும் எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) பட்டையைக் கேள். மாத்திரையைவிட ரத்தம் உறையும் அபாயம் அதில் குறைவு. உனக்குக் கர்ப்பப்பை இருக்கிறது, அதனால் புரோஜெஸ்டரோன் சேர்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் உள்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். நுண்ணிய புரோஜெஸ்டரோன் தினமும் எடுப்பதென்றால் வழக்கமாக 100 மி.கி., படுக்கும்போது, கொஞ்சம் தூக்கமும் வரும், உனக்கு அதுவே நல்லது. பெரியம்மாவுக்கு மார்பகப் புற்று வந்ததை மறக்காமல் சொல். அது ஒன்றினாலேயே கதவு மூடிவிடாது, ஆனால் டாக்டர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹார்மோன் வேண்டாம் என்று முடிவானால் ஃபெசோலினெட்டன்ட் இருக்கிறது. இது பெப்டைட் அல்ல, அந்தப் பெப்டைட்டின் வேலையைத் தடுக்கும் மாத்திரை. தினம் 45 மி.கி. ஒன்று. அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தது. 2024 டிசம்பரில் கல்லீரல் பாதிப்பு பற்றிக் கட்டமிட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துத் தாளில் போடுகிற மிகக் கடுமையான எச்சரிக்கை, சேர்த்தார்கள். அதனால் தொடங்கும் முன் கல்லீரல் சோதனை, பிறகு முதல் மூன்று மாதம் மாதாமாதம், அப்புறம் 6-ஆம் மாதமும் 9-ஆம் மாதமும். ஒன்றையும் தள்ளிப் போடாதே. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடு. ஊரிலிருந்து எடுத்துப் போன சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை உன் டப்பாவில் இருக்கும். இதோடு அதைச் சேர்க்கக் கூடாது. மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும்.

இனி அந்த ஊசிகள். சிஜேசி-1295, ஐபமொரெலின் இரண்டும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனை வெளியே விடவைப்பவை. அனலுக்கும் அதற்கும் நேரான தொடர்பே இல்லை. வளர்ச்சி ஹார்மோன் கூடினால் அணுக்களை வளரத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனும் கூடும், ரத்தச் சர்க்கரை ஏறும், கை கால் நீர் கோத்து வீங்கும், விரல் மரத்துப் போகும். உன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (ஹெச்பிஏ1சி) 5.9 சதவீதம். எல்லையில் நிற்கிற உனக்கு இது வேண்டவே வேண்டாம். குடும்பத்தில் மார்பகப் புற்று இருக்கும்போது அணுக்களை வளரச் சொல்கிற மருந்தைக் காரணமில்லாமல் போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. காயம் ஆற்றும் என்று விற்கிற பிபிசி-157 பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளோடு நிற்கின்றன. 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த மூன்றையும், மருந்தகங்கள் தயாரித்துக் கொடுப்பதில் பாதுகாப்பு ஐயம் உள்ளவை என்று வகைப்படுத்தியது. அந்தப் பட்டியல் அவ்வப்போது மாறும், நீ போகிற அன்று நிலை என்ன என்று பார்த்துக்கொள்.

‘போட்டவர்கள் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்களே’ என்பாய். அனலுக்கான மருந்துச் சோதனைகளில் வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கே மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அனல் குறைவது வழக்கம். அதனால்தான் இந்த நோய்க்குறியில் அனுபவச் சான்றை மட்டும் நம்பக் கூடாது.

சீசாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருந்தால் தொடாதே. 99 சதவீதம் தூய்மை என்று ஒரு சான்றிதழ் காட்டுவார்கள். அது ஹெச்பிஎல்சி சோதனை, மருந்தில் வேறு வேதிப்பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. பாக்டீரியா நஞ்சு கலந்திருக்கிறதா என்று அது சொல்லாது. அந்த நஞ்சுக்கான எண்டோடாக்சின் சோதனையும் கிருமியின்மைச் சோதனையும் தனி. அளவில்தான் இன்னும் அதிகம் தவறு நடக்கிறது. 5 மி.கி. பொடியில் 2 மி.லி. நீர் விட்டால், யு-100 இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் கோடு என்பது 0.1 மி.லி., அதில் 250 மைக்ரோகிராம். அதே சீசாவில் 1 மி.லி. மட்டும் விட்டுவிட்டால் அதே கோட்டில் 500 மைக்ரோகிராம். கோடு மாறவில்லை, மருந்து இரட்டிப்பு. மருந்தகம் கலந்து தந்த செமாக்ளூடைட் என்ற எடை குறைப்பு ஊசியில் யூனிட்டையும் மி.கி.யையும் குழப்பி, 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டவர்களைப் பற்றி எஃப்டிஏ 2024-ல் எச்சரித்தது. எந்த ஊசியானாலும் ‘எத்தனை மி.கி., எத்தனை மி.லி., எத்தனை யூனிட்’ மூன்றையும் எழுதி வாங்கு.

பெப்டைட் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. இந்த வயதில் இடம் தர வேண்டிய பெப்டைட் என்றால் எனக்கு முதலில் டெரிபாரடைட். பாராதைராய்டு ஹார்மோனின் முதல் 34 அமினோ அமிலம் அது. மாதவிலக்கு நின்று, எலும்பு முறியும் அபாயம் அதிகமுள்ள பெண்களுக்கு 2002-லேயே அனுமதி பெற்றது. தினம் 20 மைக்ரோகிராம், தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில், பெரும்பாலும் இரண்டு வருடம் வரை. மருந்து அடைத்த ஊசிப் பேனா எப்போதும் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், உறையவிடக் கூடாது, திறந்த 28 நாளில் மருந்து மிச்சமிருந்தாலும் எறிய வேண்டும். முதல் சில ஊசிக்குத் தலைசுற்றும், உட்கார்ந்து போட்டுக்கொள்ள வேண்டும். முடித்ததும் அலெண்ட்ரோனேட் போல எலும்பைக் காக்கும் மருந்தைத் தொடராவிட்டால் சேர்த்த எலும்பு கரைந்துவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். உனக்கு இப்போது இது தேவையா என்பதை எலும்பு அடர்த்தி ஸ்கேன்தான் சொல்லும்.

எடைக்குச் செமாக்ளூடைட். அதுவும் பெப்டைட். வாரம் 0.25 மி.கி. என்று நான்கு வாரம், பிறகு படிப்படியாக. அவசரப்பட்டு ஏற்றினால் வாந்திதான் மிஞ்சும். கொழுப்போடு தசையும் போகும், ஆகவே பருப்பு, முட்டை, தயிரைக் குறைக்காதே, வாரம் இரண்டு முறையாவது எடை தூக்கிப் பயிற்சி செய். அதற்குப் பதில் டிர்செபடைட் என்ற இன்னொரு எடை குறைப்பு ஊசியைத் தந்தால் கர்ப்பத்தடை மாத்திரையின் பலன் குறையும். கடைசி மாதவிலக்கு முடிந்து முழுதாக 12 மாதம் ஆகும்வரை கருத்தரிக்க வாய்ப்பு உண்டு என்பதை நினைவில் வை.

தாம்பத்திய விருப்பத்துக்கென்று பிரெமெலனோடைட் ஊசியைக் காட்டினால், அதன் அனுமதி மாதவிலக்கு நிற்காத பெண்களுக்குத்தான். பத்தில் நாலு பேருக்குக் குமட்டும், ரத்த அழுத்தமும் சற்று நேரம் ஏறும். உனக்கு வறட்சியும் எரிச்சலும்தான் காரணம் என்றால் உள்ளே வைக்கும் 10 மைக்ரோகிராம் எஸ்ட்ராடியால் போதும்: இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை.

முன்பணத்தைக் கட்டாதே. மகப்பேறு டாக்டரிடம் நேரம் வாங்கு. அதுவரை இரவில் எத்தனை முறை அனல் வந்தது என்று தினமும் எழுதி வை, மருந்து தொடங்கிய பிறகு ஒப்பிட அதுதான் ஆதாரம். ரத்தச் சோதனையில் கல்லீரல், சர்க்கரை, தைராய்டு மூன்றும் இருக்கட்டும். தைராய்டு கூடினாலும் இதே போல வியர்க்கும். முடிவுகள் வந்ததும் படம் பிடித்து அனுப்பு, இரவானாலும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா