கேட்காமல் மாற்றாதீர்கள்

பக்க வடிவமைப்பு மென்பொருள் உருவாக்கும் அனைவருக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூரில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ், பத்திரிகை, மலர் எல்லாம் அடித்துக் கொடுக்கிறேன். நேர் மேற்கோளை (') நீங்களாகவே வளைந்த மேற்கோளாக (’) மாற்றிவிடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலர் வந்தது. பழைய மலரின் சில பக்கங்களை அப்படியே சேர்க்கச் சொன்னார்கள். அவை யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருவில், டைப்ரைட்டர் முறையில் அடித்தவை. அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்கும் குறிக்கும் உரிய எண்ணிலேயே தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். அதில் ஒற்றை மேற்கோள் விசையில் இருப்பது ‘ங’. கோப்பை உள்ளே கொண்டுவரும்போது, மேற்கோளை மாற்றும் தேர்வுக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் இருந்தது. கவனிக்காமல் விட்டுவிட்டேன். நேர் மேற்கோளின் எண்ணான 39 அத்தனையும் வளைந்த மேற்கோளின் எண்ணான 146 ஆகிவிட்டது. எங்கள் எழுத்துருவில் 146இல் எதுவும் இல்லை. கொல்லங்கோடு என்ற ஊரின் நடுவில் ஓர் ஓட்டை, அதன் மேல் ஒரு புள்ளி மட்டும். எங்கள், நாங்கள், தங்கள் எல்லாவற்றிலும் அதே ஓட்டை. ப்ரூஃப் பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை சிவப்பு மையில் வட்டம் வட்டமாகப் போட்டுவிட்டு, “தம்பி, ‘ங’வை எங்கே தொலைச்சே?” என்று கேட்டார். மொத்தமாகத் திருப்பி மாற்றவும் வழியில்லை. ஆங்கில வரிகளில் நியாயமாக வந்த மேற்கோளுக்கும் அதே 146தான். ஒவ்வொன்றாகத் திருத்தி முடிக்க இரவு ஒரு மணி.

யூனிகோடுக்கு மாறு என்பீர்கள். 2010இல் தமிழ்நாடு அரசே அதை ஏற்றது, என் புதிய வேலையெல்லாம் அதில்தான். அதற்கு முன் அடித்த கோப்புகளை என்ன செய்வது? வளைந்த மேற்கோள் அழகுதான், நானே புத்தகங்களில் ஆசையாகப் போடுகிறேன். ஆனால் கேட்காமல் மாற்றாதீர்கள்.

வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்குவதும் இப்படித்தான். இந்த எழுத்துருக்களில் சின்ன எழுத்து ஒரு தமிழ் எழுத்து, பெரிய எழுத்து இன்னொன்று. ஆங்கிலத்துக்கு வசதி என்று நீங்கள் வைப்பதெல்லாம் எங்கள் மேசையில் பிழையாக வந்து விழுகிறது. வெளியிடும் முன் ஒரே ஒரு பழைய தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பணிவாகவே கேட்கிறேன். அந்த டிக்கை எடுத்துவிட்டுக் கொடுங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால், எத்தனை இடம் மாறப்போகிறது என்று காட்டி எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த பதிப்பிலேயே செய்து தந்தால் நன்றியோடு இருப்பேன்.

அன்புடன்,
சித்தூர் டிடிபி கடைக்காரன்