மிச்சம் இருக்கிறது, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஹாலிவுட்டின் ஆரம்பகாலப் பாட்டுப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைக் காபி ஆறிப்போகிற அளவுக்கு ஆர்வமாகத்தான் படித்தேன். ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே’ (1929) வருகிற பத்தியில் “சுவடே இல்லாமல் அழிந்துபோன படம்” என்று ஒரு வரி. பக்கத்திலேயே அரைப் பக்கத்துக்கு ஒரு புகைப்படம். உற்றுப் பார்த்தால், நியான் விளக்கு எரியும் வயலின்களோடு பெண்கள் ஆடுகிறார்கள். அது அதே நாடகத்தை வைத்து வார்னர் கம்பெனி 1933-இல் மறுபடி எடுத்த வேறு படம். தங்களுக்குத் தெரியாததா? அச்சுக்குப் போகிற அவசரத்தில் கண்ணில் படாமல் போயிருக்கும்.

புகைப்படத்தை மன்னித்துவிடலாம். ‘சுவடே இல்லாமல்’ என்பதைத்தான் விழுங்க முடியவில்லை. அந்தப் படத்தின் ஒலி மொத்தமும் இசைத்தட்டுகளில் இருக்கிறது. கடைசிப் பகுதி ரீல் ஒன்று 1980களில் இங்கிலாந்தில் கிடைத்தது. 1990களில் ஆஸ்திரேலியாவில் இன்னொன்று. அதுவும் கலரில்! சிவப்பும் பச்சையும் மட்டும் கலந்த அந்தக் காலத்து டெக்னிகலர். நீலம் சரியாக வராது. ‘டிப்டோ த்ரூ த டூலிப்ஸ்’ பாட்டுக் காட்சி அதில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டையும் உங்கள் கட்டுரையாளர் 1968-இல் டைனி டிம் பாடிய பாட்டு, பேய்ப்படத்தில் வருமே அது, என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். கிதாரோடு அதை முதலில் திரையில் பாடிய நிக் லூகாஸுக்கு ஒரு வரி கிடையாது. டைனி டிம்மே அவரைத் தன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுப் பாடவைத்தார். அந்த மரியாதைகூட நமக்கு இல்லை.

ஒலி பிழைத்து படம் போனது எப்படி என்று கட்டுரையாளர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். நான் 32 வருஷம் தியேட்டர் ஆபரேட்டர். (முன்பு ஒரு இதழில் எங்களைப் ‘பட்டன் அமுக்குபவர்கள்’ என்று எழுதினீர்கள். மறக்கவில்லை.) ஓடும்போது பிலிம் அறுந்தால் இரண்டு மூன்று பிரேமை வெட்டி, ஓரத்தைச் சுரண்டி, பிலிம் ஒட்டுகிற சிமென்ட் பசை தடவி ஒட்டி, கீழே விசில் அடங்குவதற்குள் ஓடவிட்டுவிடுவேன். ஒலி பிலிமிலேயே இருந்ததால் அது முடிந்தது. ஒலியைத் தனி இசைத்தட்டில் ஓட்டிய வைட்டபோன் காலத்து ஆபரேட்டருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ரீலுக்கு ஒரு தட்டு, 16 அங்குலம். ஊசி உள்ளேயிருந்து வெளியே ஓடும். அறுந்த இடத்தில் 10 பிரேமை வெட்டினால் கணக்காக 10 கறுப்புப் பிரேமை ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் கதாநாயகி வாயை மூடிய பிறகு பாட்டு முடியும். அந்தப் பாடாய்ப் படுத்திய தட்டுதான் இன்று படத்தின் குரலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தானாகவே மக்கும், பொடியாகும், பற்றிக்கொள்ளும். தட்டுக்கு அந்த நோய் இல்லை.

அந்த ஒலியைப் பேரன் போனில் போட்டுக் கொடுத்துக் கேட்டேன். வின்னி லைட்னர் என்ற நடிகை நடித்த பெண்ணுக்குக் கதையில் வரும் நாடகத்துக்குள் ஒரே ஒரு பெரிய வசனம். அது அவளுக்கு மனப்பாடமாகவே ஆகாது. கடைசியில் மேடையில் சொல்லவரும்போதும் பாதியில் மறந்துவிடுகிறாள். கடைசி நிமிஷத்துக்குப் படம் கிடைக்கவில்லை. குரல் மட்டும் தடுமாறுகிறது. நான் சிரித்தேன், பேரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தாங்கள் கேட்கலாம். நான் வேலை பார்த்த தியேட்டரில் யாரும் திரும்ப வாங்கிப் போகாத பழைய பிரிண்ட் பெட்டிகளை எடைக்குப் போட்டார்கள். வெள்ளி எடுப்பார்கள் என்றார்கள். மினி லாரியில் ஏற்றியவன் நான்தான். ஒரு பெட்டியைத் திறந்தபோது வினிகர் நெடி மூக்கில் ஏறியது. மேலே இருந்ததில் நான்கு அடி மட்டும் வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எந்தப் படமென்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள், தலையைத் திருப்புகிறாள். 64 பிரேம். மூன்று வினாடிகூட ஓடாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அந்தப் படத்தையும் ‘சுவடே இல்லாமல்’ என்று எழுத உங்கள் பத்திரிகையில் ஆள் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், நம் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) பற்றி எழுதும்போது “இன்றும் ரசிக்கத்தக்க ஒளிப்பதிவு” என்று போட்டீர்கள். பிரிண்டே இல்லாத படத்தை யார் ரசித்தது? இருப்பதை இல்லை என்பதும் இல்லாததைப் பாராட்டுவதும் தங்கள் இதழின் தனிச்சிறப்பு. அது பற்றி நான் எழுதிய கடிதத்தின் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் வெளியிட்டீர்கள். இரண்டிலும் உங்களைப் பாராட்டியிருந்தேன்.

அடுத்த இதழில் ஒரு மூலையில் மூன்று வரி திருத்தம் போட்டால் போதும். ‘சுவடே இல்லாமல்’ என்பதற்குப் பதிலாக ‘பெரும்பகுதி’. புகைப்படம் 1933 படத்தினுடையது. பாட்டைத் திரையில் முதலில் பாடியவர் நிக் லூகாஸ். இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசிக்கு இரண்டு வரி குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழைய ஆபரேட்டர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.

பி.கு.: சந்தா முடிகிறது என்று அட்டை வந்தது. இந்த வருஷமும் கட்டிவிட்டேன்.